சிட்டிபாபுவின் கட்டில்

பச்சையம்மாளின் கோழிகள் சாக ஆரம்பித்தது மாசி நடுவில். முதலில் போனது அடைக்கு உட்கார்ந்திருந்த செவலைப் பெட்டை. பதினோரு முட்டையின் மேல் உட்கார்ந்தபடியே தலையைத் தொங்கப் போட்டுச் செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு விடைக்கோழி. அடுத்த வாரம் இரண்டு. செத்ததெல்லாம் கொண்டை வெளுத்து, பச்சையாகக் கழிந்துதான் செத்தன. மிச்சம் இருந்தவை இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலைக்கு ஒன்றாக நின்றன.

வேறு சமயமாக இருந்தால் ஊரே அவள் வீட்டு வாசலில் நின்றிருக்கும். கோழி விஷயத்தில் பச்சையம்மாளிடம் யாரும் வாய் கொடுத்து மீண்டதில்லை. பக்கத்து வீட்டு நாய் எட்டிப் பார்த்தாலே அந்த வீட்டு ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுத்து விடுவாள். இப்போது அவள் வாயே திறக்கவில்லை. வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே அவளுடைய நாலு வயது மகள் செல்வி உடம்பெல்லாம் சிவந்த முத்துகளோடு கட்டிலில் கிடந்தாள்.

ஆத்தா வந்திருக்கிறாள் என்று முதலில் சொன்னவள் ஓரகத்தி செங்கம்மா. அம்மை கண்ட வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அந்த ஊரில் அவளுக்குத்தான் அத்துப்படி. தாளிக்கக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது. வைத்தியன் நிழல்கூடப் படக் கூடாது. திருப்பதி கங்கம்மாவுக்கு ஒரு சேவல் நேர்ந்து, காலில் மஞ்சள் துணி கட்டி, பிள்ளையின் தலைமாட்டிலேயே கட்டி வைக்க வேண்டும். அம்மை இறங்கிப் பிள்ளைக்கு மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அதை அவிழ்க்கலாம். ஜாத்திரைத் திருவிழா வரைக்கும் அது ஆத்தாளுடையது. வீட்டுக் கோழிக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. அதன் மேல் மருந்துக் கை வைக்கவே கூடாது.

பச்சையம்மாளுக்கு இதெல்லாம் புதுசில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சேவலைக் கட்டினாள். அப்போது கட்டிலில் கிடந்தது அவள் மூத்த பிள்ளை சிட்டிபாபு. ஆறு வயசு. எட்டாம் நாள் காலை அந்தச் சேவல் செத்தது. ஒன்பதாம் நாள் அவனும் போனான். சேவல் செத்த அன்றைக்கே, "ஆத்தா முடிவு பண்ணிட்டா" என்று செங்கம்மா சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை பச்சையம்மாள் காதிலிருந்து இன்னும் இறங்கவில்லை. இப்போது செல்வியின் தலைமாட்டில் நிற்கும் சேவலும் இரை எடுக்காமல் தூங்கி வழிகிறது. அது செத்தால் செல்வியும் போய்விடுவாள் என்று பச்சையம்மாள் நம்பினாள். ராத்திரியும் பகலும் அந்தச் சேவலின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, பங்குனி மாதம். வரதய்யபாளையம் போகிற வண்டிப்பாதையில் இருந்த அந்த நாற்பது வீட்டு ஊர் அதுவரைக்கும் செங்கல்பட்டு ஜில்லா. ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலிருந்து சித்தூர் ஜில்லா, ஆந்திரா என்று தண்டோரா போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கிணற்றடியில் அதே பேச்சு. "படுக்கும்போது மெட்ராஸ், எழுந்தா ஆந்திராவாம். பாயைக் கெட்டியாப் புடிச்சிக்கினு படுங்கடி" என்று செங்கம்மா சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். பச்சையம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பவுண்டர் செங்கல்வராயன் வந்தார். சத்தியவேடு மாட்டாஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக இருப்பவர். மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போடச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நிலையில் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வைத்து வாசலிலேயே நின்றுகொண்டார். கறவைக்கு ஊசி போட்டுவிட்டு, "எருது எங்கம்மா?" என்று கேட்டார்.

"வூட்டுக்காரரு வண்டி கட்டிக்கினு திருப்பதி போயிருக்காரு சார். வெறகு ஏத்திக்கினு. அடுத்த புதன்கிழமைக்கு வந்துடுவாரு."

"அப்ப புதன்கிழமை நான் இன்னொரு தபா வரணும். வியாழக்கிழமையோட என்னை இந்தண்டை விட்டு எடுத்துடறாங்க. அப்புறம் தெலுங்கு டாக்டருதான் வருவாரு."

"வரட்டும் சார். எங்க மாட்டுக்கு ரெண்டு பாஷையும் தெரியும்" என்றாள். சொன்ன பிறகுதான், தான் பழைய மாதிரி பேசிவிட்டது அவளுக்கே உறைத்தது.

செங்கல்வராயன் சிரித்தார். அவர் கண் சுவரோரம் நின்ற கோழி மேல் போயிற்று. போய் அதைப் பிடித்தார். தலைகீழாகத் திருப்பி, வால் பக்கத்து இறகை ஊதினார். பேன் நாலு பக்கமும் ஓடிற்று. "இதுக்கா சாகுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறக்கையை விரித்து அடியில் பார்த்தார். கடுகு அளவில் நீலம் பாரித்த மணிகள் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"இங்க வா. இதப் பாத்தியா?"

"செள்ளு சார். அடிக்கடி வரும். சாம்பல் போட்டா போயிடும்."

"செள்ளு இல்ல. உண்ணிக்குஞ்சு. இது புள்ளை. தாயும் தகப்பனும் வேற எடத்துல குடித்தனம் பண்ணிக்கினு இருக்கும். ஒரு கத்தி குடு."

கோழிக் கொட்டாயின் மூங்கில் காலில் ஒரு வெடிப்பு இருந்தது. கத்தி முனையை அதில் விட்டு நெம்பினார். சாம்பல் நிறத்தில், தட்டையாக, பூசணி விதையில் பாதி அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு உதிர்ந்தன. ஒன்றைக் கல்லில் வைத்து நசுக்கினார். ரத்தம் தெறித்தது.

"அய்யய்யோ!" பச்சையம்மாள் வாயில் கை வைத்தாள்.

"உங்கோழி ரத்தம்தான். பகல்ல இப்படி இடுக்குல ஒளிஞ்சிக்கினு கெடக்கும். இருட்டினா வெளியே வந்து குடிச்சிட்டு, விடியறதுக்குள்ள திரும்பவும் உள்ள பூந்துடும். அதான் நீ பாக்கல. வருஷக்கணக்கா பட்டினி கெடந்தாலும் சாவாது, நாசமாப் போறது."

என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். கொட்டாய் வெடிப்புகளில் கொதிக்கிற தண்ணீர், காய்ந்ததும் கிருஷ்ணாயில், அதன் மேல் கெட்டியாகச் சுண்ணாம்பு. பழைய வைக்கோலைக் கொளுத்த வேண்டும். ஒவ்வொரு கோழிக்கும் இறக்கைக்கு அடியில் வேப்பெண்ணெய். சாம்பலில் கொஞ்சம் கந்தகத்தூள் கலந்து ஒரு குழியில் கொட்டி வைத்தால் அதுகளே புரண்டுகொள்ளும்.

"ஒண்ணக்கூட விடக் கூடாது. ஒண்ணை விட்டா, விட்டதுகிட்ட இருந்து எல்லாத்துக்கும் வந்துடும். எத்தனை கீது?"

"ஏழு சார்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவள் பொய் சொல்லவில்லை. ஆத்தாள் சேவல் அவள் கணக்கில் இல்லை.

அன்றைக்கே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். இரண்டு பானை தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினாள். வெடிப்புகளிலிருந்து அவை உதிர உதிர, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மிதித்தாள். ஏழு கோழிக்கும் எண்ணெய் தடவினாள். நாலாம் நாள் கோழிகள் தெருவில் குப்பையைச் சீய்க்க ஆரம்பித்தன. ஒரு பெட்டை கொக்கரித்தது. கேட்டுக்கொண்டிருந்த பச்சையம்மாளுக்கு அழுகைதான் வந்தது. வாசலில் இருப்பது தேறுகிறது. உள்ளே இருப்பது தேறவில்லை.

செல்விக்குத் தினமும் காலையில் புதுசாக நாலைந்து முத்து எழும்பிற்று. சொறிந்து சொறிந்து இடுப்பிலும் காலிலும் புண் வைத்து நீர் வடிந்தது. கூழைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேவல் ஒற்றைக் காலில் நின்று தலையை இறகுக்குள் செருகிக்கொண்டது. வந்து பார்த்த செங்கம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி பச்சை, ஆத்தா உள்ள குந்திக்கினு கீறா, நீ வாசல்ல கிருஷ்ணாயில ஊத்தினா அவளுக்கு ஆவுமா? நாத்தம் தெருக்கோடி வரைக்கும் வருது. பாரு, சேவல் எப்படி வாடிப் போச்சு. எனக்கென்னமோ பயமா கீது."

பச்சையம்மாள் மிச்சமிருந்த வேப்பெண்ணெயைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள்.

புதன்கிழமை வந்தது. வண்டி வரவில்லை. புத்தூர் பக்கம் அச்சு முறிந்து நிற்கிறதென்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பவுண்டர் சொன்னபடி வந்தார். எருது இல்லை என்றதும், "சரி, என் தலையெழுத்து, சும்மா மிதிச்சேன்" என்று சைக்கிளைத் திருப்பினார். அப்போது உள்ளேயிருந்து சேவல் கூவிற்று. பாதியில் தொண்டை அடைத்து நின்றுபோன கூவல்.

செங்கல்வராயன் நின்றார். "உள்ள ஒரு சேவல் கீதா?"

"அது ஆத்தாளுது சார்."

"எண்ணெய் வச்சியா?"

"அதும்மேல கை வைக்கக் கூடாது சார்."

"எங்க கட்டியிருக்கே?"

"கொழந்தை தலைமாட்டுல."

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார். முத்துல தண்ணி கட்டுதா? இல்லை. ஜுரம் கீதா? இல்லை. புதுசா வர்றது காலையிலயா, சாயங்காலமா? காலையில். எங்கெங்க? இடுப்பு, முதுகு, கால். முகத்துல?

"முகத்துல ஒண்ணும் இல்ல சார்."

"அம்மா, நான் மாட்டு வைத்தியன். மனுஷங்களைப் பத்தி எனக்குப் பேச வாயில்லை. ஆனா அம்மைன்னா முகத்தை விடாது. அந்தச் சேவல ஒரு தபா வெளிச்சத்துக்குக் கொண்டுவா. கொழந்தை படுக்கிறது எதுல? அதையும் கொண்டுவா."

பச்சையம்மாள் உள்ளே போனாள். சேவலின் கயிற்றை அவிழ்த்தாள். மூன்று தண்ணீர் ஊற்றாமல் அவிழ்க்கிறோம், நம் கையாலேயே பிள்ளையைக் கொடுக்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றிற்று. சேவலைத் தூக்கினால் காற்றைப் போலக் கனமே இல்லை. அதன் இறக்கையைத் தானே விரித்தாள். நீல மணிகள். ஒன்றிரண்டில்லை, தோலே தெரியவில்லை.

செல்வியைத் தூக்கி வெளியே பாயில் கிடத்தினாள். பிறகு கட்டிலைக் கொண்டுவந்தாள்.

அது சின்னக் கட்டில். புருஷன் முனிரத்தினம் சிட்டிபாபுவுக்காகப் பூவரச மரத்தில் தன் கையால் இழைத்துச் செய்தது. பையன் போன பிறகு அதைக் கொளுத்தச் சொன்னார்கள். பச்சையம்மாள் சம்மதிக்கவில்லை. கோழிக் கொட்டாயில் சாய்த்து வைத்தாள். இரண்டு வருஷம் கோழிகள் அதன் சட்டத்தில் ஏறி அடைந்தன. இந்த மாசிக் கடைசியில், செல்வி வளர்ந்துவிட்டாள், தனியாகப் படுக்கட்டும் என்று துடைத்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டாள். அண்ணன் கட்டில் என்று செல்வி குதித்தாள். பத்து நாள் கழித்து முத்து எழும்பிற்று.

செங்கல்வராயன் கட்டிலைக் கவிழ்த்தார். காலும் சட்டமும் சேரும் பொருத்தில் கத்தியை விட்டார். பிறகு அந்தக் காலைத் தரையில் ஓங்கித் தட்டினார். பொலபொலவென்று கொட்டின. வெயில் பட்டதும் தடுமாறி ஓடின. நாலு பொருத்திலும் அப்படித்தான். கயிற்று முடிச்சுகளுக்குள்ளும் வரிசையாக அடைந்திருந்தன.

செல்வி பாயில் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். "அம்மா, இதான் என்னைக் கடிச்சிதா?" என்றாள்.

பச்சையம்மாள் அடுப்படிக்கு ஓடினாள். எண்ணெய் குப்பையில் கொட்டியாயிற்று. புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். சேவலை மடியில் அழுத்தி வைத்தாள். அதன் காலில் மஞ்சள் துணி இருந்தது. "ஆத்தா, கோவிச்சிக்கினா என் மேல கோவிச்சிக்க. அவ மேல வேணாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறக்கைக்கு அடியில் எண்ணெயைத் தேய்த்தாள். எதிர் வீட்டு வாசலில் நின்ற செங்கம்மா, "அடிப்பாவி!" என்று கத்தினாள். பச்சையம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கம்பவுண்டர் கைகழுவிக்கொண்டார். குழந்தையைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டச் சொன்னார். தரை மெழுகிச் சுண்ணாம்பு தெளித்துப் பாயில் படுக்கவைக்கச் சொன்னார். புண் ஆறாவிட்டால் சத்தியவேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். "ரெண்டு நாள் பாரு. காலையில புதுசா ஒண்ணும் எழும்பலன்னா, இது ஆத்தா இல்ல."

அவர் சைக்கிளில் கால் வைக்கும்போது அவள் சொன்னாள்.

"சார், என் மூத்த புள்ளைக்கும் முகத்துல ஒண்ணுகூட இல்ல."

அவர் காலை எடுத்துவிட்டார்.

"ஆத்தா முகத்தை விட்டுட்டா, புண்ணியவதின்னு எல்லாரும் சொன்னாங்க. இதே கட்டிலுதான். இதே மாதிரி சேவல் கட்டினேன். ஆனா அவனுக்கு ஜுரம் இருந்திச்சு."

"எப்படிப்பட்ட ஜுரம்?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடுங்குவான், மூணு போர்வை போத்துவேன். அப்புறம் வேர்த்துக் கொட்டிட்டு எழுந்து பழையது துன்னுவான். மறுபடி வரும்."

செங்கல்வராயன் குனிந்து சைக்கிள் மணியைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் பாக்கலியேம்மா. நீ சொல்ற ஜுரம் மலேரியா மாதிரி கீது. கட்டில்ல உண்ணி அப்பவே இருந்ததோ, அப்புறம் கோழி ஏறினதுல வந்ததோ. பாக்காம எதையும் சொல்லக் கூடாது."

"மருந்து கீதா சார், அந்த மாதிரி ஜுரத்துக்கு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "கீது" என்றார். பிறகு போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை செல்வியை வாசலுக்குத் தூக்கிவந்து, துணியை அவிழ்த்து, தலை முதல் கால் வரை பார்த்தாள். புதுசாக ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமையும் பார்த்தாள். இல்லை. பழைய முத்துகள் வாடிக் கறுத்திருந்தன. செல்வி, "பசிக்குதும்மா" என்றாள். இரண்டு கிண்ணம் கூழ் குடித்தாள். சேவல் சாம்பல் குழியில் புரண்டு எழுந்து இறக்கையை அடித்து, முழுசாக ஒரு கூவல் கூவிற்று.

பச்சையம்மாள் மகளைக் கட்டிக்கொண்டாள். பிழைத்தாள், பிழைத்தாள் என்று நெஞ்சு துள்ளிற்று. அதே மூச்சில் மற்றது வந்து விழுந்தது. இவளுக்கு வந்தது ஆத்தா இல்லையென்றால், அவனுக்கு?

நிலையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கினாள். கட்டிலை வாசலுக்கு நடுவில் இழுத்துப் போட்டுக் கிருஷ்ணாயிலை ஊற்றிக் கொளுத்தினாள். பூவரசக் கட்டை சீக்கிரம் பிடிக்கவில்லை. கயிறு முதலில் எரிந்து அறுந்தது. பொருத்துகளுக்குள்ளிருந்து படபடவென்று வெடித்தது.

அந்த நேரத்துக்கு முனிரத்தினத்தின் வண்டி வந்து நின்றது. "நாகலாபுரத்தண்ட போர்டு மாத்திக்கினு இருக்கான். நாம ஆந்திரா ஆயிட்டோமாம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கியவன், எரிவது எது என்று பார்த்ததும் நின்றுவிட்டான். ஓடிப்போய்ச் செல்வியைத் தூக்கினான். அவள் "நைனா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டான்.

"ஏம்மே அதைக் கொளுத்தினே?"

சொல்லாமல் விட்டுவிடலாம். உண்ணி பிடித்துவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும்; அது பொய்யும் இல்லை. சொன்னால் இந்த மனுஷன் அதைச் சாகிற வரைக்கும் சுமக்க வேண்டும். சொல்லாவிட்டால் தான் ஒருத்தி சுமந்துவிட்டுப் போகலாம். பச்சையம்மாள் நெருப்பைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பொருத்திலிருந்து கொட்டியதைச் சொன்னாள். சிட்டிபாபு முகத்தில் ஒரு முத்துகூட இல்லாததைச் சொன்னாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த ஜுரத்தையும், அதற்கு மருந்து இருந்ததையும் சொன்னாள்.

"அஞ்சாம் நாளு நீ வண்டி பூட்டினியே. சத்தியவேட்டுக்குத் தூக்கிக்கினு போறேன்னு நின்னியே. நான்தானே நுகத்தடிய மறிச்சிக்கினு நின்னேன். ஆத்தா கீற புள்ளைய ஆஸ்பத்திரிக்கு எடுத்தா என்னைத் தாண்டிப் போன்னு தலையில அடிச்சிக்கினேனே. நான்தானே."

முனிரத்தினம் செல்வியைக் கீழே இறக்கிவிட்டான். கட்டிலின் ஒரு கால் நெருப்புக்கு வெளியே உருண்டு கிடந்தது. அதைக் காலால் உள்ளே தள்ளினான். பிறகு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான்.

"நீ மறிச்சே, சரி" என்றான். "எருதை அவுத்தது யாரு? நான்தானே அவுத்தேன்."